இசையை ஏன் பிடுங்குகிறீர்கள்?

ரோலர் கோஸ்டரில் அலறவே நேரம் போதாது, இதில் இசையை யார் கேட்கப் போகிறார்கள் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் ஸ்பேஸ் மவுண்டனில் ஒருமுறை ஏறிவிட்டுப் பேசட்டும். நம் நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம்கூட அந்த வண்டிக்குக் கிடையாது. ஆனாலும் உயிர் தொண்டைக்கு வந்துவிடுகிறது. பாதி இருட்டின் வேலை. மீதி, காதோரம் இருக்கும் ஸ்பீக்கரின் வேலை.

பாரிஸ் டிஸ்னிலேண்டிலும் 1995-இல் ஒரு ஸ்பேஸ் மவுண்டன் வந்தது. ஜூல்ஸ் வெர்னின் நிலாப் பயணக் கதைதான் கரு. பீரங்கியிலிருந்து குண்டு கிளம்புவதுபோல் வண்டி மேலே பாயும். உள்ளே மூன்று இடங்களில் தலைகீழாகப் புரளும். அதற்கென்றே ஸ்டீவ் பிராம்சன் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதினார். ரோலர் கோஸ்டர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. காலையில் சோம்பலாகப் போகும், சக்கரம் சூடேறினால் பறக்கும். இதையெல்லாம் மீறி, வண்டி பாயும் இடத்தில் இசையும் பாய வேண்டும். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான வேலை அது.

அதைப் பத்தே வருடத்தில் கழற்றிப் போட்டார்கள். 2005-இல் மைக்கேல் ஜியாக்கினோவின் இசை வந்தது. அதுவாவது நிலைத்ததா? 2017-இல் ஸ்டார் வார்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் மேதைதான், யார் மறுத்தது? ஆனால் அவர் திரைக்காக எழுதியதைத் தண்டவாளத்தில் ஒட்டுவானேன்?

இன்னொரு கூத்து, பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஆர்லாண்டோ யூனிவர்சலில் 2009 முதல் 2025 வரை ஓடிய ரிப் ரைடு ராக்கிட் என்ற ரோலர் கோஸ்டரில் 30 பாட்டுகள் கொண்ட பட்டியல் இருந்தது. உங்களுக்கு டிஸ்கோ, பக்கத்து இருக்கையில் மனைவிக்கு மெட்டல். கூடச் சேர்ந்து அலறத்தானே ஐயா போனோம்! 2022-இல் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் வந்த காஸ்மிக் ரீவைண்ட் கோஸ்டரில் அந்தச் சிரமமும் இல்லை. ஆறு பாட்டில் ஒன்று குலுக்கல் முறையில் வரும். நினைத்த பாட்டு விழவில்லையென்று மறுபடி வரிசையில் போய் நிற்கிறவர்கள் உண்டு. (பூங்காக்காரர்களுக்கு இது கசக்குமா என்ன!) ஆறும் அருமையான பாட்டுகள்தான். ஆனால் ஒரே வளைவுக்கு ஆறும் பொருந்துகிறதென்றால், ஒன்றுகூட அந்த வளைவுக்காகப் பிறக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கலிபோர்னியா ஸ்பேஸ் மவுண்டனில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் அங்கே விருந்தாளிபோல் சில வாரங்கள் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் அந்த வண்டிக்கென்றே ஜியாக்கினோ எழுதிய இசைதான். பாரிஸ்காரர்களும் அதையே செய்யலாம். பிராம்சனின் இசையை மறுபடி வண்டியில் ஏற்றுங்கள். சினிமாவைப் பண்டிகைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாமென்றது?