அம்பாசிடரின் ஆயுள் யாருடைய கணக்கு?

மின்வாகனம் பற்றிப் பேச்செழுந்தாலே நம் கல்விப்புலத்தில் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கார் செய்துவரும் நிறுவனங்களின் கட்டுறுதி நேற்று முளைத்த மின்வாகன நிறுவனங்களுக்கு வராது என்பது முதல் அணி. எரிபொருள் இயந்திரத்தின் காலம் முடிந்தது, பழைய நிறுவனங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்பது இரண்டாம் அணி. கொல்கத்தாவில் இவ்விவாதம் நடக்கும்போதெல்லாம் முதல் அணியின் சாட்சியாக அம்பாசிடர் கூண்டில் ஏற்றப்படுகிறது. இரு அணிகளும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பதே என் வாதம். ஒரு வண்டியின் ஆயுளை அதைச் செய்தவரின் கணக்கில் மட்டுமே இவர்கள் எழுதுகிறார்கள். அதைப் பழுதுநீக்கி ஓடவைத்தவருக்கு அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் சாட்சியை விசாரிப்போம். 1942இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் குஜராத்தின் ஓக்காவிலிருந்து ஹூக்ளிக் கரையின் உத்தரபாராவுக்கு வந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாசிடர், 2014 மே 24 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வெளிவந்தது. உரிமமுறை நிலவிய காலத்தில் வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்தனர். காத்திருக்க ஆள் இருக்கும்வரை தரத்தை உயர்த்த வேண்டிய நெருக்கடி எந்த உற்பத்தியாளருக்கும் வராது. கதவை இரண்டு முறை அறைந்து சாத்தியவர்களும், மழைக்காலத்தில் காலடியில் தண்ணீர் கண்டவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 விற்ற அம்பாசிடர், தன் இறுதி நிதியாண்டில் 2,500ஐக்கூடத் தொடவில்லை. கட்டுறுதியால் சந்தையைப் பிடித்த வண்டிக்கு இந்த வீழ்ச்சி நேர்ந்திருக்காது.

அப்படியானால் அந்த மஞ்சள் டாக்சிகள் இத்தனை காலம் ஓடியது எப்படி? விடை மல்லிக் பஜாரில் இருக்கிறது. உதிரிபாகக் கடைகளும் தெருவோரப் பட்டறைகளும் சேர்ந்து, ஓடி ஓய்ந்த ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தி, தேய்ந்ததைக் கடைந்து, துருத்ததை வெட்டி ஒட்டி, அந்த ஊர்திகளை ஒவ்வொரு நாளும் மறுபடி தயாரித்தன. அம்பாசிடரின் உண்மையான சிறப்பு ஒன்றுதான்: அது தன்னைத் திறந்து பார்க்க அனுமதித்தது. ஒரு ஸ்பானரும் சுத்தியலும் வைத்திருந்த எவரும் அதன் உள்ளே நுழைய முடிந்தது. 2013இல் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி அதனை உலகின் சிறந்த டாக்சியாகத் தெரிவு செய்தபோது, அந்தப் பட்டத்தில் பாதி மல்லிக் பஜாருக்கு உரியது என்று யாரும் சொல்லவில்லை.

பழைய நிறுவனங்களைப் போற்றுவோர் 2014ஆம் ஆண்டின் இன்னொரு தேதியையும் நினைவில் கொள்ள வேண்டும். அம்பாசிடர் நின்ற மூன்று மாதங்களில், ஆகஸ்ட் 25 அன்று, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உண்மையான உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதே குற்றம். மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு செய்தி. அந்தப் பதினான்கு பெயர்களில் இந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. பழுதுநீக்கும் கைகளால் உயிர்வாழ்ந்த வண்டியைச் செய்த நிறுவனமே, அக்கைகளைக் கட்டியோர் பட்டியலில் இடம்பெற்றது. "நிலைபெற்ற நிறுவனத்தின் தரம்" என்ற சொற்றொடரை இனிப் பயன்படுத்துவோர் இதற்கு விடை சொல்லிவிட்டுப் பயன்படுத்தட்டும்.

பாதுகாப்பிலும் அந்தச் சொற்றொடர் நிற்காது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது, ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகள் ஐந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் பழுத்த அனுபவசாலிகள்.

இதனால் இரண்டாம் அணி மகிழ வேண்டியதில்லை. மின்மோட்டாரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் பற்றவைப்பு, துருத்தடுப்பு, தொங்கலமைப்பு, பிரேக், மின்வடங்களின் ஒழுங்கு ஆகிய எதையும் மின்கலம் ஒழித்துவிடவில்லை. நம் சாலைகளின் வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்க வேண்டிய புதிய பொறுப்பையே அது கூட்டியிருக்கிறது. 2022இன் கோடையில் மின்ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதும், ஓலா எலக்ட்ரிக் 1,441 ஸ்கூட்டர்களைத் திரும்பப் பெற்றதும், அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியதும் மறக்கத்தக்கவை அல்ல. புதுமை தானாகவே தரமாகிவிடாது. பழமைக்கும் அதே விதிதான்.

இனி மையக் கேள்விக்கு வருவோம். 2008இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 ஆண்டைக் கடந்த வாடகை வாகனங்கள் ஓட முடியாது. நகரத்தின் காற்றைக் கருதினால் அந்த ஆணையின் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். 2014இல் பதிவான கடைசி அம்பாசிடர் டாக்சிகளும் 2029க்குள் தெருவைவிட்டுப் போகும். அவற்றின் இடத்தில் மின்கார் வரட்டும் என்கிறோம். வரட்டும், ஆனால் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது யார்? மின்கார்களின் மின்கலத்துக்கு வழக்கமாகத் தரப்படும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; இவற்றில் எது முந்துகிறதோ அது. நாளுக்கு 150 கி.மீ. வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் டாக்சி நான்காம் ஆண்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதன்பின் பழுது நேர்ந்தால், ஓட்டுநர் எதிர்கொள்வது முத்திரையிட்ட ஒரு பெட்டியையும் கடவுச்சொல் கேட்கும் ஒரு மென்பொருளையும். காரின் விலையில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கலத்தொகுதி மட்டும் கெட்டாலும் பெட்டி முழுவதையும் மாற்று என்று நிறுவனம் சொன்னால், அவருக்கு வேறு கதவு இல்லை. அம்பாசிடரின் ஆயுளுக்கு நீதிமன்றம் எல்லை வகுத்தது; மின்காரின் ஆயுளுக்கு நிறுவனத்தின் விலைப்பட்டியல் எல்லை வகுக்கும். முன்னதற்கேனும் மேல்முறையீடு உண்டு.

உயர் மின்னழுத்தத்தில் தெருவோரப் பட்டறையாளரைக் கைவைக்க விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை பயிற்சியும் சான்றிதழும், பூட்டு அல்ல. இந்த நகரத்தில் அதற்கு முன்மாதிரியும் உண்டு. 1902 மார்ச் 27 முதல் கொல்கத்தாவில் மின்சார டிராம் ஓடுகிறது. மல்லிக் பஜாருக்கு அருகிலேயே உள்ள நோனாபுகூர் பணிமனையில் தொழிலாளர்கள் தலைமுறைகளாக அவ்வூர்திகளைக் கழற்றி, சீர்செய்து, திரும்ப ஓடவிட்டார்கள். மின்கலமே தேவைப்படாத மின்வாகனம் அது. 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர், எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தார். நூற்றாண்டுக்கு மேலாக மின்வாகனத்தைப் பழுதுநீக்கத் தெரிந்த ஊர், அந்த அறிவைக் காட்சிப் பொருளாக்கிவிட்டு, மின்வாகனம்தான் எதிர்காலம் என்று மேடையில் பேசுகிறது.

உத்தரபாராவில் ஆலை நின்றபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தனர். 2017இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. பெயருக்கு விலை கிடைத்தது. அந்தப் பெயரைத் தெருவில் உயிரோடு வைத்திருந்த கைத்திறனை எந்த மதிப்பீட்டாளரும் கணக்கிடவில்லை. அதே உத்தரபாராவில் இன்று டிட்டாகர் நிறுவனம் மின்சார மெட்ரோப் பெட்டிகளைச் செய்கிறது. அந்த மண்ணில் தொழில்திறன் வற்றிவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறேன். பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது, அது பொதுப்பணம். மின்வாகனத்துக்கு மானியமோ வரிச்சலுகையோ பெறும் எந்த நிறுவனமும் உதிரிபாகம், பழுதறியும் மென்பொருள், கையேடு மூன்றையும் வெளிப்பட்டறைகளுக்கு நியாய விலையில் தர வேண்டும் என்பது நிபந்தனையாக வேண்டும். மின்கலப் பெட்டிகள் தொகுதி தொகுதியாகக் கழற்றி மாற்றத்தக்கனவாக இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை திறந்த பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாயில் தகவல் பலகையாக நின்றுவிடாமல், சட்டக் கடமையாக வளர வேண்டும். நோனாபுகூரை மூடுவதற்குப் பதிலாக, மல்லிக் பஜாரின் இளைஞர்களுக்கு மின்வாகனம் கற்பிக்கும் பணிமனையாக மாற்ற வேண்டும்.

நம் துறைகளுக்கும் ஒரு சொல். வாகனத் தொழிலின் வரலாறு என்று நாம் எழுதியிருப்பவை பெரும்பாலும் ஆலைகளின், உரிமையாளர்களின், கொள்கைகளின் வரலாறுகள். பட்டறைகளின் வரலாறு எழுதப்படாதவரை, பழுதுநீக்குவோரைச் சட்டம் இயற்றுவோரும் காணமாட்டார்கள். மல்லிக் பஜாரின் மூத்த பட்டறையாளர்கள் இன்று முதியவர்கள். 2029க்குப் பிறகு அவர்களைத் தேடிப் போனால் கேட்பதற்கு ஆளிருக்காது.