மணி அடிக்க முதல் சொல்லுங்கோ

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்கந்தபுரம், அக்கராயன், கோணாவில் பக்கத்துப் பெற்றாரும் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.

தரம் 9இல் ஒரு பையன். ஓட்டிசம் உள்ள பிள்ளை. (அடையாளங்களை மாற்றியிருக்கின்றோம். தாயிடம் மட்டுமல்ல, அவனிடமும் கேட்டுத்தான் எழுதுகின்றோம். ஒரு சம்பவத்தை எழுத வேண்டாம் என்றான். அதை எழுதவில்லை.) பாடசாலையில் அவனுக்கு ஒரு பட்டம் இருந்தது, 'மணிக்கு ஓடுறவன்'. மரத்தில் தொங்கும் இரும்பில் அடித்தவுடன் காதைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடிவிடுவான். பிறகு அவனை வகுப்புக்குக் கொண்டுவரப் பாதிப் பாடவேளை போய்விடும்.

இரண்டு வருடம் அவனைப் பற்றிக் கூட்டம் போட்டோம். நாங்கள் இருந்தோம், தாய் இருந்தார், தேநீரும் இருந்தது. அவன் மட்டும் இல்லை. இலக்குகள் எழுதினோம்: 40 நிமிடம் கதிரையில் இருத்தல், கண்ணைப் பார்த்துக் கதைத்தல், ஓடாதிருத்தல். கொப்பியில் நல்ல வடிவாக எழுதி வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் எங்களில் ஒரு ரீச்சர் அவனிடமே கேட்டார், "உனக்கு என்ன செய்தால் சுகமா இருக்கும் மகன்?" அவன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அடுத்தநாள் காலையில் வந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"மணி அடிக்க முதல் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். இப்போது மணி அடிக்கிற பிள்ளை ஒரு நிமிடம் முந்தி வந்து வாசலில் நின்று கை காட்டிவிட்டுப் போகும். இவன் காதைப் பொத்திக்கொண்டு கதிரையிலேயே இருப்பான். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக ஏன் கேட்கவில்லை?

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பேச இங்கே ஆட்கள் கொஞ்சமாவது இருக்கின்றார்கள். அவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசப் பழக்குவதற்கு ஒருவரும் இல்லை. வீட்டிலும் இல்லை, பாடசாலையிலும் இல்லை. சின்ன வயதில் 'பேச்சுப் பயிற்சி' என்று ஓடித் திரிகின்றோம். பேச்சு வந்தபிறகு அவன் என்ன சொல்ல வருகின்றான் என்று கேட்க நேரமில்லை. 13, 14 வயதாகும்போது 'இனி என்ன செய்யிறது, வீட்டில இருக்கட்டும்' என்று விட்டுவிடுகின்றோம்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே எங்கள் நாட்டில் வந்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 7ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் எந்த விடயத்திலும் அந்தப் பிள்ளைக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. அப்படிச் சொல்வதற்கு வேண்டிய உதவியையும் கொடுக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் 16 வயதாகும்போது, பாடசாலை முடிந்தபிறகு அந்தப் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்ற திட்டம் எழுதப்பட வேண்டும்; அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளையை அழைத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். மைக்கேல் வேமையர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார்கள். பிள்ளை தன்னிடமே மூன்று கேள்வி கேட்கப் பழகுவதுதான் அது. என்னுடைய இலக்கு என்ன? என்னுடைய திட்டம் என்ன? நான் என்ன கற்றுக்கொண்டேன்? இதற்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு கொப்பி போதும்.

எங்கள் பையனிடம் முதல் கேள்வியைக் கேட்டோம். கணக்குப் பாடம், க.பொ.த. சாதாரண தரம் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தோம். "தனிய பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போய் வாறது" என்றான்.

தாய் பதறிப்போனார். "ஐயோ சேர், அவன்தான் சொல்லுறான் எண்டா நீங்களுமோ?"

தாயைக் குறை சொல்ல முடியாது. காணாமல் போன பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாமார் இன்னும் வீதியோரத்தில் இருக்கிற மாவட்டம் இது.

ஆனாலும் திட்டம் எழுதினோம். உண்மையில் அவன்தான் எழுதினான். பஸ் நேரம் அவனுக்குப் பாடம். சாரதிக்குப் பின் இருக்கை. சரியான சில்லறை. முதல் கிழமை தாய் பக்கத்தில், அடுத்த கிழமை தாய் பின் இருக்கையில், மூன்றாம் கிழமை மாமா மோட்டார் சைக்கிளில் பின்னால்.

மூன்றாம் கிழமை பஸ் இடைவழியில் பழுதாகி நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். இவன் இறங்கவில்லை. அவனுடைய திட்டத்தில் அந்த இடத்தில் இறக்கம் இல்லை. சிலர் சத்தம் போட்டார்கள். ஒருவர் "செவிடோ?" என்று கேட்டார். ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். பிள்ளை தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்து சேர்ந்தார். அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊர் ஆட்கள். இந்தப் பதிவை வாசிக்கிறவர்களிலும் ஓரிருவர் இருக்கலாம்.

இரண்டு கிழமை அவன் பஸ் கதையே எடுக்கவில்லை. நாங்களும் தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தோம். மூன்றாவது கேள்வி கொப்பியில் அப்படியே கிடந்தது. ஒருநாள் தானாகவே அதை நிரப்பிக் கொண்டு வந்தான். 'பஸ் பழுதாகும்' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஓர் அட்டை ஒட்டியிருந்தது: 'எனக்கு ஓட்டிசம். சத்தம் போடாதேங்கோ. மெதுவாச் சொன்னா விளங்கும்.' கீழே மாமாவின் தொலைபேசி இலக்கம். இப்போது அந்த அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. நடத்துனருக்கு அவனைத் தெரியும்.

ஓர் ஆசிரியர் கேட்டார், "கதைக்கவே கதைக்காத பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது?" நியாயமான கேள்வி. இரண்டு படத்தைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கலாம். கோப்பையைத் தள்ளிவிட்டால் அது 'வேண்டாம்'. அதையும் பதிலாக எடுக்க வேண்டும். வகுப்பில் 38 பிள்ளைகள், பாடத்திட்டம் முடியவில்லை, இதற்கெங்கே நேரம் என்பதும் நியாயம்தான். அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. தவணைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் என்று தொடங்கினோம்.

பெற்றாருக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'சொல்வழி கேக்கிற பிள்ளை' என்று இந்தப் பிள்ளைகளைப் புகழ்கின்றோம். யார் என்ன சொன்னாலும் செய்யப் பழகிய பிள்ளை, கெட்ட நோக்கத்தோடு கூப்பிடுகிறவன் பின்னாலும் போகும். 'வேண்டாம்', 'தொடாதே' என்று சொல்லப் பழகாத பிள்ளைக்கு 15 வயதில் யார் காவல்? வீட்டில் அவன் 'இந்தச் சட்டை வேண்டாம்' என்று சொல்லும்போது கோபப்படாதீர்கள். அங்கேதான் பழகுகின்றான்.

எங்களைப் பற்றி யாரோ எங்கோ இருந்து முடிவெடுத்தால் எப்படி இருக்கும் என்று வன்னி மக்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து இந்த ஸ்கந்தபுரத்து மரங்களுக்குக் கீழே வந்து இருந்தது. 2009இல் மெனிக் பாம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த எங்களுக்கும் அது தெரியும். கூட்டம் நடக்கும், பட்டியல் போடுவார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பையனுக்கு அக்கராயன் குளம் என்றால் உயிர். மாரியில் நீர்மட்டம் எவ்வளவு என்று நாளாந்தம் எழுதி வைப்பான். குளத்தில் தண்ணீர் அளக்கிற வேலைதான் வேண்டுமாம். தாய்க்கு அவன் சாதாரண தரம் எழுத வேண்டும். எழுதிச் சித்தியடையாவிட்டாலும் 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்கல்விக்குப் போகலாம் என்று தாயிடம் விளக்கினோம். இருவரும் இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்த தவணைக் கூட்டத்தில் பேசப்போகின்றோம்.

இந்தமுறை அவனுக்கும் ஒரு கதிரை. மணி தொங்குகிற மரத்துக்குத் தூரமான பக்கம் போடச் சொல்லியிருக்கின்றான்.