அக்காவின் கடிதங்கள் இடம் மாறின

பழைய கம்ப்யூட்டர் 'கர்கர்' என்று இருமத் தொடங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. காலஞ்சென்ற என் அக்கா 2009-ல், என் பிரசவ சமயத்தில், எழுதிய பத்தியக் குறிப்புகள் எல்லாம் அதிலிருந்த தண்டர்பேர்டில்தான்! பாப் முறையில் இறக்கிக்கொண்டதால் சர்வரில் பிரதி கிடையாது.

அன்று பிறந்த மகள்தான் கைகொடுத்தாள். முதலில் 'ப்ரொஃபைல்' ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வைத்தாள். பிறகு அதே தண்டர்பேர்டில் என் ஜிமெயிலை ஐமேப் முறையில் சேர்த்து, புது ஃபோல்டர் திறந்து, கடிதங்களைக் 'காப்பி' செய்தாள். 'மூவ்' மட்டும் வேண்டாம், சகோதரிகளே. பாதியில் கரண்ட் போனால் யாரைக் கேட்பது? மொத்தமாகப் போட்டால் திணறுகிறது; நூறு நூறாக ஏற்றினோம்.

இரு பக்கமும் எண்ணிப் பார்த்தோம்: 412. சரியாக இருந்தது. இப்போது அடுப்படியில் செல்போனிலேயே படிக்கிறேன்: "சுக்கைத் தோல் சீவிட்டுத்தான் இடிக்கணும்டி, மறந்துடாதே."