கண்ணில் தெரியும் காதின் நிலை



வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், "தலை சுற்றுகிறது" என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? பித்தம் என்று கூறி எலுமிச்சைச் சாறு பிழிந்து தருகிறோம். இரத்த அழுத்தம் பார்த்துவரச் சொல்கிறோம். அழுத்தம் பார்ப்பது நன்றே. ஆயினும், காதை நினைத்துப் பார்ப்பவர் நம்முள் மிகச் சிலரே.

காது கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. ஒவ்வொரு உட்செவியிலும் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அந்நீர்மத்தின் அசைவு நரம்பின் வழியே மூளைக்கு எட்டுகிறது. மூளை அக்கணமே கண்களை எதிர்த்திசையில் அதே அளவு திருப்புகிறது. ஏறக்குறைய ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் இது நிகழ்ந்துவிடுகிறது.

இதனை நீங்களே கண்டறியலாம். இப்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக ஆட்டியவாறு படியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே இருக்கும். இனி, தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்துகள் கலைந்துவிடும். முன்னதில் உங்களுக்குத் துணை நின்றது உட்செவியே.

ஆகவே, கண்ணின் அசைவைக் கொண்டு உட்செவியின் நலத்தை அறியலாம். வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாரானி, காதைக் கழுவும் நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாயிருந்தாலும் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும், கண்மணிகள் துடிப்பதையும் கவனித்தார். அதனையே ஒரு சோதனையாக வகுத்தார். 1914ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்!

ஸஜ்தாவிலிருந்து எழும்போதும், படுக்கையில் புரளும்போதும் மட்டும் சில விநாடிகள் உலகமே சுழல்வதாகச் சிலர் கூறுவர். உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் பரல்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். நோயாளியின் தலையை ஒருபுறம் திருப்பி, விரைவாகப் படுக்க வைத்து, கண் துடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர் விளக்கிய முறை இது. தலையை முறைப்படி படிப்படியாகத் திருப்பியே பரல்களை வெளியேற்றும் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் எப்லி 1992இல் வெளியிட்டார். மாத்திரைகளால் தீராத இத்தொல்லை, பலருக்கு இதனால் ஓரிரு முறையிலேயே தீர்ந்துவிடுகிறது.

மற்றொரு சோதனையை ஆஸ்திரேலியாவின் ஹல்மாஜி, கர்தாய்ஸ் ஆகியோர் 1988இல் விளக்கினர். மருத்துவர் தம் மூக்கையே பார்க்குமாறு நோயாளியிடம் கூறி, அவருடைய தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். நலமான செவியெனில் பார்வை மூக்கைவிட்டு நகராது. பழுதுற்ற செவியெனில், கண் தலையோடு சேர்ந்து சென்று, பின் துள்ளித் திரும்பும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. தலைச்சுற்றலும் வாந்தியும் திடீரெனத் தொடங்கி, மணிக்கணக்கில் ஓயாதிருக்கும் ஒருவருக்கு இச்சோதனையில் குறையொன்றும் தென்படாவிட்டால், அது நற்செய்தியன்று! குற்றம் காதில் இல்லை. மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்பதே அதன் பொருள். முதல் இரு நாள்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திலும் சிலருக்கு அது தெரிவதில்லை. கண்ணைப் பார்த்தறியும் மருத்துவரின் திறன் அப்போது உயிர் காக்கிறது.

இச்சோதனைகளை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். முதியவர்களின் கழுத்துக்கு ஊறு நேரலாம். தேர்ந்த காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ, நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எப்பக்கம் திரும்பினால் வருகிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். சுற்றலுடன் இரட்டைப் பார்வை, நாக்குழறல், முகக்கோணல், கை கால் தளர்ச்சி, நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். உடனே பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பித்தம் என்று சொல்லிப் பெரியவர்களைப் படுக்கையில் விட்டுவிடாதீர்கள்.