நமக்குக் களையாம்! கம்பெனிக்கு மருந்தாம்!

கரடியூர், சேர்வராயன் மலை விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

நம்ம காபித் தோட்டத்துக்குள்ள ஒருதரம் நடந்து பாருங்க. மேலே பலா, அத்தி, நாவல். மரத்தைச் சுத்தி மிளகுக் கொடி. நடுவுல காபி, ஆரஞ்சு. வேலியில தூதுவளை, சிறுகுறிஞ்சான். ஈரத்துல வல்லாரை. பாறையிலும் மரத்திலும் முடவாட்டுக்கால் கிழங்கு. காபி விலை விழுந்த வருஷங்களில் நம் அடுப்பு அணையாமல் காத்தவை இவைதான்.

இவற்றைக் களை என்கிறார்கள். "களைக்கொல்லி அடி, பழைய மரத்தை வெட்டு, சில்வர் ஓக் மட்டும் வை" என்று புத்தி சொல்கிறார்கள். ஆனால் அதே செடியை மூட்டை கட்ட வியாபாரி தவறாமல் வருகிறான். தராசும் அவனுது, விலையும் அவன் வாயில் வந்ததுதான். இங்கே களை, டவுனுக்குப் போனால் சூரணம், லேகியம்!

மூலிகையில் லாபம் பார்க்கும் கம்பெனி, அதைக் காத்த மக்களுக்குப் பங்கு தரவேண்டும் என்றது 2002 பல்லுயிர்ச் சட்டம். 2023-ல் அதைத் திருத்தினார்கள். சித்த, ஆயுர்வேத ஏடுகளில் உள்ள அறிவுக்கும், பயிரிட்ட மூலிகைக்கும் நம் நாட்டுக் கம்பெனிகள் பங்கு தரவேண்டியதில்லையாம்! ஏட்டில் ஏறும் முன்னே அந்த அறிவு எங்கே இருந்தது? நம் பாட்டிமார் கையில் அல்லவா இருந்தது?

கேரளப் பக்கம் அகத்திய மலையில் கானி மக்கள் 1987-ல் ஆரோக்கியப்பச்சையை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி கானிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

காட்டை நம்பித் தலைமுறையாக வாழும் மக்களுக்கு மூலிகை, கிழங்கு, தேன் எடுக்கவும் விற்கவும் 2006 வன உரிமைச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. மனுவை முதலில் எடுப்பது கிராம சபைதான். நாம கேட்காம யாரும் வீடு தேடி வந்து தரமாட்டாங்க!

நம் கோரிக்கைகள்:

1. பயிரிட்ட மூலிகைக்கும் பங்கு கொடு! 2023 திருத்தத்தைத் திரும்பப் பெறு!

2. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டு! செடிகளின் பதிவேட்டைக் கிராம சபையில் வாசி! மருந்துப் பக்குவத்தை எழுதலாமா வேண்டாமா என்பதை ஊரே முடிவு செய்யட்டும்.

3. வன உரிமை மனுக்களை இழுத்தடிக்காதே!

நாம் செய்யவேண்டியது: களைக்கொல்லியை நிறுத்துவோம். தனித்தனியாக விற்காமல் ஊர்த் தராசில் எடைபோட்டுச் சேர்ந்து விற்போம்.

அக்டோபர் 2 கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாங்க! செடி தெரிந்த பாட்டிமாரை முன்வரிசையில் உட்கார வையுங்க!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!