பேன் பண்ணியது சரி.. ஆதாரம் எங்கே?

போடியில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிற பையன்கள் பேட்டரி எப்படி என்று கேட்பார்கள், டிஸ்ப்ளேயில் கோடு இருக்கிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், பில் இருக்கா என்பார்கள். ஒன்றை மட்டும் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அந்த போனை முன்பு வைத்திருந்தவன் பிஜிஎம்ஐயில் ஹேக் போட்டு மாட்டியவனா? கிராஃப்டான் நிறுவனம் 2021 டிசம்பரில் ஒரு அறிவிப்பு விட்டது. ஹேக் போட்டால் இனி ஐடி மட்டுமல்ல, அந்த போனே தடை செய்யப்படும். (நடுவில் 2022 ஜூலையில் இருந்து 2023 மே வரை அந்த கேமே இந்தியாவில் கடையை விட்டுத் தூக்கப்பட்டிருந்தது, அது தனிக் கதை.) ஹேக் போட்டவன் போனை விற்றுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான். லீவு நாளில் ஏலக்காய் கடையில் வேலை பார்த்து அதை வாங்கியவன் தலையில் வந்து விடிகிறது.

காசு போனது ஒரு பக்கம். ஸ்குவாடில் இருக்கிற மற்ற மூன்று பேரும் அவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே.. "நெஜமாவே போட்டியாடா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் அவன் எத்தனை ஹெட்ஷாட் அடித்தாலும் சந்தேகம்தான்.

ஏமாற்றுபவர்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2018ல் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர், மேடையிலேயே, போட்டிக் கம்ப்யூட்டரிலேயே ஹேக் வைத்து மாட்டினார். ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்ட்' :-) அணி வெளியேற்றப்பட்டது, கலைக்கப்பட்டது, அவருக்கு 5 ஆண்டு தடை. ஒன்றும் செய்யாத நாலு பேருடைய உழைப்பும் அதோடு போச்சு. ஆகவே காவல்காரன் வேண்டும். ஆனால் அந்த ஷாங்காய் விஷயத்தில் நடுவர் இருந்தார், கண்ணெதிரே ஃபைல் இருந்தது, உலகமே வீடியோ பார்த்தது. வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரு வரிச் செய்தி வரும். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி தப்பாகவும் வரும் என்பதற்கு நிறைய உதாரணம் உண்டு. 2010 ஜூலையில் வால்வ் நிறுவனத்தின் காவல் மென்பொருள், மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாடிய சுமார் 12,000 பேரைத் தப்பாகத் தடை செய்தது. அவர்கள் செய்த குற்றம்? கேம் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது டிஸ்கில் இருந்த ஃபைலும் மெமரியில் இருந்த ஃபைலும் ஒத்துப்போகவில்லை. 2023 அக்டோபரில் ஏஎம்டி கொடுத்த கிராஃபிக்ஸ் டிரைவரில் ஆன்டி லேக் பிளஸ் என்று ஒரு வசதி வந்தது. அதை ஆன் செய்து கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடியவர்கள் பேன். கார்டு தயாரித்த கம்பெனியே கொடுத்த வசதி! கடைசியில் ஏஎம்டி அந்த டிரைவரையே திரும்ப எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் விபத்து என்று விட்டுவிடலாம். 2024ல் கால் ஆஃப் டூட்டியில் நடந்தது வேறு ரகம். அதன் காவல் மென்பொருளின் பெயர் ரிக்கோஷே. ஹேக் மென்பொருள்களுக்கு என்றே உள்ள சில எழுத்துகள் மெமரியில் தென்படுகிறதா என்று அது தேடுமாம். அதில் 'ட்ரிக்கர் பாட்' என்ற சாதாரண சொல்லும் ஒன்று. இதைக் கண்டுபிடித்த ஒரு ஹேக்கர், பிடிக்காத ஆட்டக்காரர்களுக்கு அதே சொல்லை சாட்டில் மெசேஜாக அனுப்பினார். மெசேஜ் வந்தால் அது மெமரியில் உட்காரும். உட்கார்ந்தால் பேன். பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் வீட்டுக்குள் 'திருடன்' என்று எழுதிய சீட்டைப் போடுகிறான், போலீஸ் சீட்டைப் பார்த்துவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டு போகிறது.. அப்படி! ஆக்டிவிஷன் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, பாதிக்கப்பட்டது கொஞ்சம் பேர்தான் என்றது. ஆயிரக்கணக்கில் என்றார் அந்த ஹேக்கர். இருவரில் யார் சொல்வது சரி என்று வெளியில் இருந்து சரிபார்க்க ஒரு வழியும் இல்லை.

கேம் கம்பெனிகளைக் கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான்: ஆதாரத்தைக் காட்டினால் ஹேக் செய்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். இது பாதி நியாயம். ஆனால் மீதிப் பாதி? ஆடிட்டிங் பாடத்தில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பது, காசு வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது. அவர் திருடுவார் என்பதற்காக அல்ல, தப்பு நடந்தால் கண்டுபிடிக்க இன்னொருவர் வேண்டும் என்பதற்காக. இங்கே புகார் கொடுப்பவர், சாட்சி, நீதிபதி, அப்பீல் கேட்பவர் எல்லாம் ஒரே கம்பெனி. போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் இன்று எல்லாம் கம்ப்யூட்டர்தான், ஆனாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் காய் வியாபாரி கைக்கு வருகிறது. திரையில் வரும் நம்பரை மட்டும் நம்பி யாரும் விலை கேட்பதில்லை.

மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இப்போதைய காவல் மென்பொருள்கள் பல விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரை இறங்கி உட்காருகின்றன. 2020ல் வேலராண்டோடு வந்த வேன்கார்டு, கேமைத் திறக்கும் முன்பே, கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனேயே வேலையைத் தொடங்கிவிடும் வகை. வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான். 2022ல் கென்ஷின் இம்பாக்டின் காவல் டிரைவரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ரான்சம்வேர் போட்டதை டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. அந்த கம்ப்யூட்டரில் கேம் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 2013ல் இஎஸ்இஏ கவுன்டர் ஸ்ட்ரைக் லீகின் மென்பொருளுக்குள் இருந்த ஆள் ஒருவரே பிட்காயின் தோண்டும் கோடை நுழைத்து, சுமார் 14,000 கம்ப்யூட்டர்களின் கரண்ட் பில்லில் காசு பார்த்தார். நியூ ஜெர்சி அரசு வழக்கு போட்டு 10 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பெட்டியாக இருந்தால் இரண்டுமே நடக்கும். உள்ளே இருப்பவன் திருடினாலும் தெரியாது, நிரபராதியைப் பிடித்தாலும் தெரியாது.

மலை மேல் இருப்பவர்கள் பாடு இன்னும் கொஞ்சம் மோசம். போடிமெட்டு, குரங்கணி பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும். பிங் எகிறினால் ஆட்டக்காரன் எதிராளியின் திரையில் இங்கே மறைந்து அங்கே முளைப்பான். எதிராளிக்கு அது ஸ்பீடு ஹேக்காகத்தான் தெரியும், ரிப்போர்ட் அடிப்பான். டவரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்!

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த நாள், எந்த மேட்ச், எந்த வகைக் குற்றம் என்று சொல்லட்டும். இதைச் சொன்னால் எந்த ரகசியமும் உடையாது. அப்பீலை ஒரு மனிதர் படிக்கட்டும், அவர் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. தப்பு என்று தெரிந்தால் யூசிக்குக் கொடுத்த காசோடு சேர்த்து, 'இவர் ஹேக்கர் அல்ல' என்று எழுதிக் கொடுக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பே முறித்துக்கொள்ள இடம் கொடுக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்த வகைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அந்த மாதிரிப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். முந்நூறு ரூபாய் யூசிக்காகத் தேனி மாவட்டத்தில் இருந்து யார் போவார்கள்?

2010ல் அந்த 12,000 பேருக்கு வால்வ் தலைவர் கேப் நியூவெல் பெயரிலேயே மன்னிப்பு மெயில் வந்தது. என்ன தப்பு நடந்தது என்ற விளக்கமும், லெஃப்ட் 4 டெட் 2 கேம் ஒன்றும், நண்பருக்குக் கொடுக்க இன்னொன்றும் கிடைத்தது. ஒரே நேரத்தில் 12,000 பேர் மாட்டியதால் சத்தம் கேட்டது. போடியில் தனியாக மாட்டிய பையனுக்கு, புகார் பதிவு செய்யப்பட்டது என்று ஒரு ஆட்டோமேட்டிக் மெயில் வந்திருக்கிறது.