'சத்துக்குறைவு' என்று எழுதி அனுப்பப்படும் குழந்தைகள்

என் அக்கா மகனுக்கு அப்போது 11 மாதம். ஓயாத இருமல், எண்ணெய் மிதக்கிற நாற்றமான மலம், ஏறாத எடை. மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது "எந்த ஏரியா?" என்றுதான். எங்கள் காலனியின் பெயரைச் சொன்னதும் மற்ற கேள்விகள் நின்றுவிட்டன. சீட்டில் இரண்டே சொற்கள்: டிபி, சத்துக்குறைவு. "பிள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு குடும்மா" என்று அக்காவுக்கு அறிவுரை வேறு. எந்நேரமும் பசியென்று அழுது, கொடுத்ததையெல்லாம் தின்ற பிள்ளை அவன்.

ஆறு மாதம் டிபி மருந்து. இருமல் நிற்கவில்லை. "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குது" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற நானும் சிரித்துவிட்டுத்தான் போனேன்.

மூன்றாவது வயதில் வேறொரு மருத்துவமனையில் வியர்வைச் சோதனை செய்தார்கள். குளோரைடு 60 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்புகள் பசைபோல் இறுகிவிடும். அதனால்தான் சளி, அதனால்தான் தின்ற கொழுப்பு செரிக்காமல் வெளியேறியது. 1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் இந்த நோயைக் கண்டறிந்ததும், வேறு குடல்நோய் என்று முத்திரை குத்தப்பட்டு இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்தபோதுதான். தோலில் ஒரு மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் செலுத்தி வியர்வை எடுக்கும் முறை 1959இலேயே வந்துவிட்டது. ஆனால் இது வெள்ளையர்களின் நோய் என்றே நெடுங்காலம் நம் மருத்துவர்கள் பலரும் நினைத்திருந்தார்கள்.

காலனியில் டிபி இல்லையா? இருக்கிறது. அதைச் சந்தேகித்ததில் தவறில்லை. மருந்து வேலை செய்யாதபோதும் சந்தேகம் நகரவில்லையே, அதுதான் கேள்வி. சேரிப் பிள்ளை மெலிந்திருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

"சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" இது இரண்டாவது மருத்துவமனையில். அக்கா இல்லை என்றாள். உண்மைதான், மாமா தூரத்து ஊர்க்காரர். ஆனால் அதே சாதி. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். இவனுக்கு வந்ததற்கு அகமணமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81இல் ஒரு சில மூதாதையரின் மரபணுக்களே திரும்பத் திரும்பச் சுழல்வதைக் கண்டது. பின்லாந்துக்காரர்களைவிட அதிகமாக. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இல் அம்பேத்கர் எழுதியதைச் சமூகவியல் வகுப்பில் படிக்கிறோம். குழந்தைகள் வார்டிலும் படிக்க வேண்டும்.

இப்போது அவனுக்குச் சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, தினமும் முதுகில் தட்டிச் சளி எடுப்பது, கோடையில் கூடுதல் உப்பு. அமெரிக்காவில் 2019இல் அனுமதிக்கப்பட்ட டிரைகாஃப்டா மருந்தின் ஆண்டு விலை 3 லட்சம் டாலருக்கு மேல். அதைப் பற்றி அக்காவிடம் நான் பேசியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வியர்வைச் சோதனை வேண்டும் என்று கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னதையே அதன் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.